எந்த மெஷினும் எழுப்பாத சத்தம்

முதலில் ஃபிரிட்ஜின் மேல்தான் அவருக்குச் சந்தேகம். மெல்லிய, விடாத, தகட்டைத் தகடு உரசுவது போன்ற ஒரு கீச்சுச் சத்தம். ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டு முடித்துச் சாய்ந்தவர், எழுந்து போய் ஃபிரிட்ஜின் முதுகில் காதை வைத்துக் கேட்டார். பிளக்கைப் பிடுங்கினார். சத்தம் நிற்கவில்லை. அடுத்து மின்விசிறி. அதற்கடுத்து மனைவியின் தையல் மெஷின். அந்த மாதத்தில் மூன்றாவது முறையாக அதைப் பிரித்துப் போட்டபோது, மனைவி கையிலிருந்த சட்டையைக் கீழே வைத்தார்.

"இது காலையிலேர்ந்து ஓடவே இல்லைங்க. நான் பித்தான் தச்சுட்டு இருக்கேன். ஓடாத மெஷின் எப்படிக் கத்தும்?"

"ஏதோ ஒண்ணு கத்துது. எனக்குக் கேக்குது."

"எனக்குக் கேக்கலையே."

"உனக்கு எப்படிக் கேக்கும். உனக்கு மெஷின் காது கிடையாது."

"எனக்கு இருக்கிறது மனுஷக் காது. அது போதும். அந்த ஊசியை எங்க வச்சீங்கன்னு சொல்லுங்க."

பெயின்ட் நிரப்பும் தகர டப்பாக்களைச் செய்கிற தொழிற்சாலையில் அவர் மெக்கானிக். பிரஸ் ஷெட்டில் பதினெட்டு பிரஸ்கள். ஒவ்வொன்றும் தகட்டை அடித்து மூடியாகவும் அடிப்பாகமாகவும் வெட்டித் தள்ளும். பதினெட்டையும் நிற்காமல் ஓட வைப்பதுதான் இருபத்தாறு வருடமாக அவர் வேலை. ஏதாவது ஒன்றில் பழுது என்று தோன்றினால் முழங்கை நீளத் திருப்புளி ஒன்றை எடுப்பார். அதன் முனையை ஓடுகிற பேரிங்கின் கூட்டில் வைத்து, மரப்பிடியைக் காதுக்கு முன்னால் உள்ள எலும்பில் அழுத்திக் கண்ணை மூடிக்கொள்வார். அரை நிமிடத்தில் தீர்ப்பு வரும். "உள்ள ஒரு குண்டு தேஞ்சிருக்கு. பத்து நாள் தாங்கும்." பெரும்பாலும் பத்து நாள்தான் தாங்கும். இதனால் அவருக்குத் திருப்புளி என்றே பெயர் விழுந்துவிட்டது. சம்பளச் சீட்டில் இருக்கிற பெயர் ஷெட்டில் பாதிப் பேருக்குத் தெரியாது.

கண் தப்பாகப் பார்க்கும், மீட்டர் தப்பாகக் காட்டும், மேலாளர் தப்பாகவே பேசுவார். காது மட்டும் ஏமாற்றாது என்பது திருப்புளியின் நம்பிக்கை. அதனால்தான், அந்த ஷெட்டில் வளர்ந்த ஒரு மெக்கானிக் மட்டுமே செய்யக்கூடிய தவறை அவர் செய்தார். தன் தலைக்குள் இருந்த சத்தத்தை எந்த மெஷின் எழுப்புகிறது என்று ஊர் முழுக்கத் தேடினார்.

வீட்டில் குற்றவாளி அகப்படாததால் மாடிக்கு ஏறினார். மேலே குடியிருந்தவர் பஸ் கண்டக்டர். விடுப்பு நாளில் படுத்திருந்தவரை எழுப்பி, "என்ன தம்பி ஓட்டறீங்க மேல? மோட்டாரா, கூலரா?" என்று கேட்டார்.

"தூக்கத்தை ஓட்டிட்டு இருந்தேன். நீங்க வந்து நிறுத்திட்டீங்க."

கண்டக்டர் நல்ல மனிதர். மாடி வீட்டின் மெயின் சுவிட்சை அணைத்தார். "இப்ப கேக்குதா?"

"கேக்குது."

கீழே வந்து திருப்புளி வீட்டின் மெயினையும் அணைத்தார்கள். மின்விசிறி சுற்றிச் சுற்றி ஓய்ந்தது. வீடே அடங்கியது.

"இப்ப?"

"இப்ப இன்னும் நல்லாக் கேக்குது."

கண்டக்டர் அவர் முகத்தையே சிறிது நேரம் பார்த்தார். "அண்ணே, டிக்கெட் எடுக்காத ஆளை முகத்தை வச்சே கண்டுபிடிக்கிறவன் நான். நீங்க பொய் சொல்லல. ஆனா இந்தச் சத்தம் என் வீட்ல ஏறினது இல்ல. உங்ககூடத்தான் வந்திருக்கு. ஒரு நல்ல டாக்டரைப் பாருங்க."

திருப்புளி தலையாட்டிவிட்டு உள்ளே போனார். போனதும் மனைவியிடம் சொன்னது: "மெயினை அணைச்சான் சரி. பேட்டரியில எதையோ ஓட்டறான். நான் சின்னப் பையனா?"

அவருடைய சந்தேகம் வீட்டோடு நின்றிருந்தால் இந்தக் கதை சிரிப்பாகவே முடிந்திருக்கும். அடுத்த புதன்கிழமை, ஏழாம் எண் பிரஸ்ஸின் பெரிய சக்கரத்து பேரிங் அழுகிறது என்று முடிவு கட்டி அதை நிறுத்தினார். அதை ஓட்டுபவர் அவருடைய மாப்பிள்ளை, அதாவது மனைவியின் தம்பி. "எனக்கு ஒண்ணும் கேக்கல மாமா, அவசர ஆர்டர் ஓடிட்டிருக்கு" என்று கைச் சாடையிலேயே கெஞ்சினார். (அந்த ஷெட்டில் வாயால் பேசுவதில் பயனில்லை. கையாலும் உதட்டசைவாலும்தான் பேச்சு.) திருப்புளி கேட்கவில்லை. ஐந்து மணி நேரம் பிரித்து மேய்ந்தார். உள்ளே பேரிங் நேற்று வாங்கியது போலப் பளபளவென்று இருந்தது.

மேலாளருக்கு இதில் வேறு வாடை அடித்தது. முந்தின வாரம்தான் தொழிலாளர்கள் கூடுதல் நேர வேலையைக் குறைக்கச் சொல்லிக் கேட்டிருந்தார்கள். இன்றைக்கு அவசர ஆர்டரின் நடுவே பிரஸ் நிற்கிறது. அவர் இரண்டையும் முடிச்சுப் போட்டார்.

"வேணும்னு நிறுத்தியிருக்கீங்க."

"இல்ல சார். சத்தம் கேட்டுது. இப்பவும் கேக்குது. எனக்குக் காதுலதான் ஏதோ கோளாறுன்னு நினைக்கிறேன்." இதை அவர் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்ன பிறகுதான் அது உண்மையாக இருக்கலாம் என்று அவருக்கே தோன்றியது.

மேலாளர் ஒரு கோப்பை எடுத்துப் பிரித்தார். "காது சோதனை. வருஷா வருஷம் செய்யறோம். பதினோரு வருஷத் தாள் இதோ இருக்கு. இயல்பு, இயல்பு, இயல்பு. இந்த ஷெட்லயே உங்க காதுதான் முதல் மார்க். ஒண்ணு இந்தத் தாள் பொய் சொல்லணும், இல்ல நீங்க பொய் சொல்லணும். தாள்ல உங்க கையெழுத்து இருக்கு."

மறுநாள் நோட்டீஸ் வந்தது. வேண்டுமென்றே உற்பத்தியைத் தடுத்ததற்காக ஏன் வேலையை விட்டு நீக்கக் கூடாது என்று பத்து நாளில் விளக்கம் எழுத வேண்டும்.

அந்தத் தாள்கள் பொய்தான். அது பொய் என்று திருப்புளிக்குத் தெரியும், ஏனென்றால் அதைச் செய்தவர்களில் அவரே முதல் ஆள்.

ஆண்டுக்கொரு முறை ஒரு வேன் வந்து ஷெட் வாசலில், கம்ப்ரசருக்குப் பத்தடி தள்ளி நிற்கும். உள்ளே கண்ணாடி வைத்த ஒரு சிறு அறை. தொழிலாளி ஹெட்போனை மாட்டி உட்கார வேண்டும்; சத்தம் கேட்டால் கையைத் தூக்க வேண்டும். வெளியே சோதனைக்காரர் பொத்தானை அமுக்குவார். அவர் விரல் கண்ணாடி வழியாக நன்றாகத் தெரியும். விரல் மறைந்தால், பின்னால் வரிசையில் நிற்கிறவர் புருவத்தைத் தூக்குவார். வருடம் முழுக்க உதட்டையும் கையையும் பார்த்தே பேசுகிற ஆட்களுக்கு இது ஒரு பொருட்டா? விரல் அசைந்தால் இங்கே கை ஏறும். திருப்புளிக்குப் புருவம் தூக்கியவர் மாப்பிள்ளை. மாப்பிள்ளைக்குத் தூக்கியவர் திருப்புளி.

ஏமாற்றுக்காரர்கள் என்று அவர்களைத் திட்டுவதற்கு முன், ஏன் ஏமாற்றினார்கள் என்று கேட்க வேண்டும். காது கெட்டுவிட்டது என்று தாளில் வந்தால், அந்த ஆள் பிரஸ்ஸிலிருந்து பேக்கிங் பிரிவுக்குப் போக வேண்டும். பிரஸ்ஸுக்கான கூடுதல் படி போய்விடும். அதாவது சத்தம் போடுகிற மெஷினை யாரும் திருத்தப் போவதில்லை. அடி வாங்கியவனுக்குத்தான் தண்டனை. இப்படி ஒரு விதியை எழுதி வைத்துவிட்டு, சோதனை நேர்மையாக நடக்கிறது என்று எந்த மேலாளர் நம்புவார்? யாரும் நம்பவில்லை. எல்லாருக்கும் அது வசதியாக இருந்தது. சோதனைக்காரருக்கு வேலை சீக்கிரம் முடிந்தது. கம்பெனிக்குச் சுத்தமான கோப்பு கிடைத்தது. தொழிலாளிக்கு அந்த ஆண்டுப் படி தப்பியது. காது மட்டும் போய்க்கொண்டே இருந்தது.

காதில் அடைக்கும் பஞ்சு உருண்டைகளையும் கம்பெனி கொடுத்தது. வருடத்துக்கு ஒரு ஜோடி, அதற்கும் ஒரு கையெழுத்து. திருப்புளி அதை மாட்டியதே இல்லை. காதை அடைத்துக்கொண்டால் மெஷின் சொல்வது எப்படிக் கேட்கும்?

நோட்டீஸ் வந்த வீட்டில் ஆளுக்கொரு மருந்து சொன்னார்கள். மாப்பிள்ளை போனில் ஒரு விளம்பரத்தைக் காட்டினார்: ஏழு மூலிகைச் சொட்டு, இருபத்தொரு நாளில் காதிரைச்சல் அடியோடு ஒழியும்.

"எந்த ஏழு மூலிகை?" என்றார் திருப்புளி.

"அது ரகசியமாம் மாமா."

"இருபத்தொரு நாள்ல ஒழியலன்னா காசு திரும்புமா?"

"அதுவும் ரகசியம்தான் போல."

இந்த இடத்தில் அவருடைய சந்தேகம் சரியான ஆள் மேல் விழுந்தது. செவிப்பறையில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்காமல் காதுக்குள் எதையாவது ஊற்றச் சொல்கிறவன் நண்பனாக இருக்க முடியாது. அவர் அரசு மருத்துவமனைக்குப் போனார். காது டாக்டர் உள்ளே விளக்கடித்துப் பார்த்துவிட்டு, அழுக்கு இல்லை, சீழ் இல்லை என்று கேட்டல் சோதனைப் பிரிவுக்கு அனுப்பினார். அங்கே இருந்தது ஒரு இளம்பெண். அவர் கேட்ட கேள்விகளே திருப்புளிக்குப் பிடிக்கவில்லை.

"ஒரு காதுலயா, ரெண்டு காதுலயுமா? நாடி துடிக்கிற மாதிரி வருதா? தலை சுத்துதா? திடீர்னு ஒருநாள் காது அடைச்சுதா?"

"எதுக்கு மேடம் இவ்ளோ? எங்க கம்பெனிக்கு எழுதி அனுப்புவீங்களா?"

"உங்க கம்பெனி எதுன்னே எனக்குத் தெரியாது. ஒரு பக்கம் மட்டும் இரைஞ்சாலோ, துடிப்போட வந்தாலோ, திடீர்னு கேக்காமப் போனாலோ வேற கோளாறான்னு உடனே பாக்கணும். அதுக்குத்தான்."

"ரெண்டு பக்கமும். துடிப்பு இல்ல. தலை சுத்தல. விசில் மாதிரி ஒரே கோடு."

கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து ஹெட்போனை மாட்டினார். சோதனை தொடங்கியது. திருப்புளியின் கை ஏறியது, இறங்கியது, ஏறியது. சிறிது நேரத்தில் அந்தப் பெண் எழுந்து உள்ளே வந்தார்.

"கடைசி மூணு தடவை நான் பொத்தானை மட்டும்தான் அமுக்கினேன். சத்தமே அனுப்பல. நீங்க ஏன் கை தூக்கினீங்க?"

திருப்புளிக்கு முகம் சிவந்தது. இந்த ஒரு தடவை சோதனையில் தோற்றால்தான் வேலை தங்கும். அது தெரிந்தும், பதினோரு வருடப் பழக்கத்தில் கண் தானாகவே விரலைத் தேடியிருக்கிறது.

"பழக்கம் மேடம்," என்றார்.

"நல்ல பழக்கம். திரும்பி உக்காருங்க."

நாற்காலியைச் சுவர் பக்கம் திருப்பி வைத்தார். இருபது நிமிடம். கை ஏறாத இடைவெளிகள் நீண்டுகொண்டே போயின. ஹெட்போனில் ஏதாவது வருகிறதா, அல்லது இது தன்னுடைய கீச்சா என்று பிரிக்க முடியாமல் அவர் வியர்த்தார்.

முடிந்ததும் தாளில் ஒரு கோட்டைக் காட்டினார் அந்தப் பெண். சமமாக வந்த கோடு, மெல்லிய கூர்மையான சத்தங்களின் இடத்தில் பள்ளத்தில் விழுந்து கிடந்தது.

"உள்காதுல மெல்லிய முடி மாதிரி செல்கள் இருக்கு. சத்தத்தை வாங்கி மூளைக்கு அனுப்பறது அதுங்கதான். வருஷக்கணக்கா அடி வாங்கினா படுத்துடும், மறுபடி முளைக்காது. கூர்மையான சத்தத்தை வாங்கற செல்கள்தான் முதல்ல போகும். அங்கேர்ந்து ஒண்ணும் வரலைன்னதும் மூளை தன்னோட வால்யூமைக் கூட்டுது. அப்பக் கேக்கறதுதான் இந்த விசில்னு சொல்றாங்க. வேலை முடிஞ்சு போறப்ப இந்த மாதிரி கேட்டிருக்கா?"

"அது எங்க எல்லாருக்கும் கேக்கும் மேடம். ஷிப்ட் பாட்டுன்னு சொல்லுவோம். காலையில போயிடும்."

"அது எச்சரிக்கை. காலையில போயிடுச்சுன்னு நீங்க மறுபடி உள்ள போயிருக்கீங்க. கை நீட்டற தூரத்துல இருக்கிறவர்கிட்ட கத்தித்தான் பேசணும்னா, அந்த இடம் காதுக்கு ஆபத்தான இடம்."

"மாத்திரை?"

"இதை அழிக்கிற மாத்திரை இதுவரைக்கும் கிடையாது. இருக்குன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க."

தான் கேட்க விரும்பாத பதிலைச் சொன்னதாலேயே அந்தப் பெண் மேல் அவருக்கு முதல்முறையாக நம்பிக்கை வந்தது. மற்றதையும் அந்தப் பெண் சொன்னார். முழு நிசப்தத்தில் உட்காரக் கூடாது. மெதுவாக ஓடும் விசிறியோ தாழ்ந்த குரலில் ரேடியோவோ இருக்கட்டும். பிரஸ்ஸுக்குப் பக்கத்தில் காதுக் கவசம் கட்டாயம். வீட்டில் பயந்து காதை மூடினால் இரைச்சல் இன்னும் முன்னால் வந்து நிற்கும். காது கேட்கும் கருவி பொருத்திப் பார்க்கலாம், சிலருக்கு இரைச்சலும் அடங்கும். "எல்லாத்துக்கும் மேல, அதைத் தேடாதீங்க. காவல் காக்கக் காக்க அது பெருசாத்தான் தெரியும். கண்டுக்காம விட்டா மூளை மெல்ல அதைப் பின்னால தள்ளும். மாசக்கணக்காகும்."

தாள் கையில் வந்துவிட்டது. ஆனால் அதைக் காட்டி விளக்கம் எழுத வேண்டுமென்றால், பழைய பதினோரு தாள்களும் பொய் என்று எழுத வேண்டும். அதை எழுதினால் ஷெட் முழுவதும் மாட்டும்.

"எழுதாத மாமா," என்றார் மாப்பிள்ளை. "எல்லாரையும் மறுபடி சோதிப்பாங்க. பாதிப் பேரைப் பேக்கிங்ல தள்ளுவாங்க. வேற ஏதாவது சொல்லித் தப்பிச்சுக்க."

"வேற என்னடா சொல்றது? பைத்தியம்னு சொல்லவா?"

"அது பரவாயில்லையே."

மனைவி தம்பியை ஒரு பார்வை பார்த்தார். மாப்பிள்ளை எழுந்து போய்விட்டார்.

மறுநாள் ஷெட்டில் விஷயம் பரவியிருந்தது. திருப்புளி மேலாளரிடம் விலை போய்விட்டார், எல்லாரையும் காட்டிக் கொடுக்கத்தான் மருத்துவமனைத் தாள் வாங்கி வந்திருக்கிறார் என்று பேச்சு. யாரும் திட்டவில்லை. அவர் வரும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள், அவ்வளவுதான். பதினெட்டு பிரஸ் அடிக்கிற இடத்தில் முகத்தைத் திருப்பினால் பேச்சு அறுந்துவிடும். உதடு தெரியாது, சாடை தெரியாது. இருபத்தாறு வருடம் புழங்கிய இடத்தில் அவர் வழி தெரியாதவர் போல நின்றார். அவர்களுக்கு மேலாளர் மேல் வர வேண்டிய சந்தேகம் இவர் மேல் வந்தது. கம்பெனி ஒரு பைசா செலவழிக்காமல் கிடைத்த லாபம் அது.

அன்று மாலை அவர் மாப்பிள்ளை வீட்டுக்குப் போனார். "என் பேச்சைக் கேக்க வேண்டாம். நாளைக்கு என்கூட வந்து சுவரைப் பாத்து உக்காரு. உன் காது நல்லா இருந்தா நான் பைத்தியம்னே எழுதிக் கொடுத்துடறேன்."

"எழுதிக் கொடுப்பியா?"

"கையெழுத்தோட."

அந்த நம்பிக்கையில்தான் மாப்பிள்ளை வந்தார். அவர் திருப்புளியைவிட ஒன்பது வயது இளையவர். காது நன்றாகக் கேட்கிறது என்று சத்தியம் செய்யக்கூடியவர். தாள் வந்தபோது அவருடைய பள்ளம் திருப்புளியின் பள்ளத்தைவிட ஆழமாக இருந்தது. அந்தப் புதன்கிழமை ஏழாம் எண் பிரஸ்ஸில் நிஜமாகவே பேரிங் அழுதிருந்தாலும் அவருக்குக் கேட்டிருக்காது.

மாப்பிள்ளை அந்தத் தாளை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். "என் பொண்ணு மெதுவாப் பேசறான்னு தினமும் அவளைத் திட்டிட்டு இருக்கேன் மாமா," என்றார்.

அடுத்து நடந்ததைத் திருப்புளி செய்யவில்லை, மாப்பிள்ளை செய்தார். உணவு இடைவேளையில், பிரஸ்கள் நின்ற அந்த அரை மணி நேரத்தில், தன் தாளை ஒவ்வொருவரிடமும் நீட்டினார். நான்கு பேர் வாங்கவே இல்லை. மற்றவர்கள் இரண்டு மூன்று பேராக மருத்துவமனைக்குப் போனார்கள். பத்தாவது நாள் திருப்புளியின் விளக்கக் கடிதத்தோடு, அவரையும் சேர்த்துப் பதினான்கு பேரின் சோதனைத் தாள்கள் இணைந்திருந்தன. கடிதம் இப்படி முடிந்தது: 'பழைய சோதனைகளில் நாங்கள் ஏமாற்றினோம். ஏமாற்றாவிட்டால் படியை இழப்போம் என்ற விதியை எழுதியது நாங்கள் அல்ல.' ஒரு நகல் தொழிற்சாலை ஆய்வாளருக்கும் போனது.

மேலாளர் மோசடி என்று குதித்தார். பதினான்கு பேரையும் நீக்குவேன் என்றார். பதினான்கு பேர் இல்லாமல் பதினெட்டு பிரஸ்ஸை யார் ஓட்டுவது என்று யாரோ தலைமை அலுவலகத்தில் கேட்டிருக்க வேண்டும். அந்தப் பேச்சு நின்றது. மூன்று வாரம் கழித்து ஆய்வாளர் வந்தார். ஒலி அளக்கும் கருவியைப் பிடித்துக்கொண்டு ஷெட்டின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நடந்தார். பாதி தூரத்திலேயே பையிலிருந்து காதுக் கவசத்தை எடுத்து மாட்டிக்கொண்டார். அவர் அறிக்கை எழுதுவதற்கு முன்பே தொழிலாளர்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

பிரஸ்களுக்கு அடியில் கனமான ரப்பர் வந்தது. ஆறு பிரஸ்களைச் சுற்றிச் சத்தம் தடுக்கும் கூண்டு வந்தது. மீதிக்கு வரும் என்றார்கள். ஆளுக்கொரு காதுக் கவசம் வந்தது. பேரிங்கைச் சோதிக்க அதிர்வு மீட்டர் ஒன்று வாங்கினார்கள். திருப்புளி முதல் வாரம் அதையும் நம்பாமல், இரண்டு முறை பிரித்துப் பார்த்து உறுதி செய்துகொண்டார். கீச்சுச் சத்தம் போகவில்லை. ஆனால் வேலையில் ஆழ்ந்திருக்கும்போது சில மணி நேரம் அது நினைவுக்கு வருவதில்லை. தையல் மெஷின் இப்போது ஒரே துண்டாக இருக்கிறது.

நோட்டீஸைத் திரும்பப் பெறும் கடிதமும் ஒருநாள் வந்தது. ஒரு பிரதியில் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். திருப்புளி நீண்ட காலச் சேவை செய்தவர் என்றும், மனிதாபிமான அடிப்படையில் நடவடிக்கை கைவிடப்படுகிறது என்றும், இனி இது குறித்து இரு தரப்புக்கும் எந்தக் கோரிக்கையும் இல்லை என்றும் அதில் இருந்தது. அவர் சந்தோஷமாகப் பேனாவைத் தேடினார். மனைவி கடிதத்தை வாங்கினார். மடித்துத் தைத்த ஓரத்தை விரலால் தடவிப் பார்ப்பது போல வரி வரியாகப் படித்தார்.

"ரெண்டு தடவை படிச்சுட்டேன். இதுல காதுங்கற வார்த்தையே இல்லீங்க."

"வேலை இருக்குன்னு போட்டிருக்கே."

"வேலை முன்னாடியே இருந்ததுதானே. போனது காது. அது எங்க?"

அடுத்த நாள் காலை திருப்புளி மேலாளர் அறைக்குப் போனார். கடிதத்தை மேசையில் வைத்தார்.

"இன்னும் என்ன? மனிதாபிமானத்தோட முடிச்சுக் கொடுத்திருக்கோம்."

"மனிதாபிமானத்தை நீங்களே வச்சுக்கங்க சார். காதுன்னு எழுதுங்க. பிரஸ் ஷெட் சத்தத்தாலன்னு எழுதுங்க. கோரிக்கை இல்லைங்கற வரியை எடுங்க, அது இருந்தா நாளைக்கு நாங்க நஷ்டஈடு கேக்க முடியாது."

"அதெல்லாம் நான் தனியா முடிவு பண்ண முடியாது. தலைமை அலுவலகத்தைக் கேக்கணும்."

"கேளுங்க. உக்காந்திருக்கேன்."

அன்று முழுக்க உட்கார்ந்தார். அடுத்த நாளும் வந்து உட்கார்ந்தார். மூன்றாம் நாள் புதிய கடிதம் கைக்கு வந்தது. 'பிரஸ் ஷெட்டின் இரைச்சலால் இரு காதுகளிலும் ஏற்பட்ட கேட்கும் திறன் குறைவு' என்று அதில் இருந்தது. கோரிக்கை பற்றிய வரி இல்லை. அவர் நான்கு முறை படித்தார். தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். பிறகு வெளியே போய், அவர்களும் இதைக் காட்டிக் கேட்கலாம் என்று, மற்றப் பதிமூன்று பேருக்கும் ஆளுக்கொரு நகல் எடுத்து வந்தார். அதற்கப்புறம்தான் பேனாவைக் கேட்டார்.